தம்பி கையில் தபால்

மார்ச் 12, 1798
வெண்ணெய் கடைந்தே பகல் போனது. பிலடெல்பியாவிலிருந்து என் கணவர் ஈராஸ்டஸின் கடிதம். நாட்டுச் சட்டசபை உறுப்பினர் என்பதால் உறைமேல் அவர் கையெழுத்து இருந்தாலே போதும், காசில்லாமல் வந்துவிடும்.

மார்ச் 21
போர் வரிக்கு எதிராகத் தன் கட்சியையே மீறி வாக்களிக்கப் போவதாக எனக்கு மட்டும் எழுதியிருந்தார். அது அப்படியே ஹார்ட்ஃபர்டு பத்திரிகையில் வந்திருக்கிறது! யார் சொன்னது? இந்த ஊரில் தபால் என் தம்பி ஆசாஹெலின் கடைக்குத்தான் வருகிறது. அந்தத் தபால் வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே ஈராஸ்டஸ்தான். ஆனால் அவன் எதிர்க்கட்சி. இந்தச் செய்தியால் அவர்களுக்குத்தானே கொண்டாட்டம்?

மார்ச் 23
கேட்டேவிட்டேன். "என் கடிதாசியப் பிரிச்சியா?"

சிரித்தான். "போக்கா. அத்தான் விடுதியில மூட்டைப்பூச்சி கடிச்ச கதைய யாரு மெனக்கெட்டுப் படிப்பா?"

அவர் கடிதத்தில் எழுதிய மூட்டைப்பூச்சி சங்கதி இவனுக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 24
தூக்கமே இல்லை. கூடப் பிறந்தவன்.

ஏப்ரல் 2
ஈராஸ்டஸுக்கு எழுதினேன் — ஆசாஹெலைத் தபால் வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று. தபாலில் போடவில்லை. பிலடெல்பியா போகும் பாதிரியார் கையில் கொடுத்தனுப்பினேன்.

ஏப்ரல் 24
எடுத்துவிட்டார்கள். தபால் இனி ஈராஸ்டஸின் சித்தப்பா மகன் லெமுவேலிடம். நம்ம ஆள். தேவாலயத்தில் ஆசாஹெலின் மனைவி லோயிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பட்டுமே!

மே 7
தபாலுக்கு வருகிறவர்கள்தான் ஆசாஹெலிடம் சர்க்கரையும் ஆணியும் வாங்கினார்கள். அவர்கள் நின்றதும் கடை படுத்துவிட்டது. தூர மேற்கே ஒஹாயோவில் குடியேற நிலம் பார்த்திருக்கிறானாம். இன்று அவர்கள் வண்டி எங்கள் வாசல் வழியாகத்தான் போனது. நிற்கவில்லை. நானும் வெளியே போகவில்லை. மூட்டைப்பூச்சிக் கதையை லோயிஸிடம் சொன்னதே நான்தான் என்பது வண்டி மறைந்த பிறகு நினைவுக்கு வந்தது.

மே 16
ஈராஸ்டஸ் எழுதுகிறார்: "இரவுச் சாப்பாடு முடிந்ததும், வீட்டுக்கு எழுதியதை விடுதி மேஜையில் அவரவர் வாசித்துக் காட்டுவோம். என் நடையைப் புகழாதவர் இல்லை. பத்திரிகைக்கு எழுதுகிற ஒருவர் குளிர்காலத்திலிருந்தே எங்களோடு தங்கியிருக்கிறார். என் கடிதம் என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்."

அட பாவி மனுஷா! எனக்குன்னு எழுதினத ஊருக்கே படிச்சுக் காட்டினியா? நான் என் தம்பிய விரட்டிட்டேனே. ஐயோ, ஆசாஹெல்.

மே 30
ஒஹாயோவுக்கு எழுத முகவரி இல்லை. விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை.

தபால் வாங்கப் போனேன். படியேறும்போதே லெமுவேலின் குரல்: "வாங்க அண்ணி! அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சாம். ஜூலையில வந்துடுவாராம். நிம்மதியா இருங்க."

பிறகுதான் ஈராஸ்டஸின் கடிதத்தை எடுத்து நீட்டினான்; அதன் அரக்கு முத்திரை பிரிந்திருந்தது. வாங்கிக்கொண்டேன். யாரிடம் போய் இதைச் சொல்வது?