அம்மா இங்கிலீஷில் எடுத்த போன் கோல்

அன்பு மகள் பிரேமினிக்கு,

முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம். நீ சுகமா என்று எப்போதும் கேட்பதுதான், இந்தத் தடவை பதில் தெரியாமல் கேட்கிறேன், நீ சுகமாக இருக்கிறாயா மகளே? நோட்டன் பிரிட்ஜ் பக்கம் பத்து நாளாக விடாத மழை, மலையில் தேயிலைக் கொழுந்தும் நிறைய, அட்டைக்கடியும் நிறைய. அப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது. பக்கத்து வீட்டு ராக்காயி அக்காவின் மகளுக்கு வலப்பனையில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நம் லயத்து வரிசையில் போன் பேசினால் ஆறு வீட்டுக்கும் கேட்கும், அப்பாவும் காதைக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருப்பார், அதனால் எழுதுகிறேன். ஷிராணி டீச்சர் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார்.

போன வாரம் நாலு நாள் உன் போன் கோல் வரவில்லை, நாங்கள் எடுத்தாலும் மணி அடிக்கவில்லை. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்ததும் அப்பா, அவசரத்துக்கென்று நீ எழுதி வைத்துவிட்டுப் போன, சீமையில் நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்து நம்பரைத் தேடி எடுத்தார். "நீதான் இங்கிலீசு படிக்கிறியே, எடுத்துக் கேளேன்" என்றார். ஷிராணி டீச்சர் நடத்தும் ஞாயிறு வகுப்புக்கு நான் ஆறு மாதமாகப் போவது உனக்குத் தெரியும். டெலிபோன் பாடம் கூட முடித்துவிட்டோம். நான் "மே ஐ ஸ்பீக் டு" என்று கேட்டால் எதிர்ப்பக்கம் "ப்ளீஸ் ஹோல்ட் ஒன்" என்று சொல்ல வேண்டும், பாடக் கொப்பியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, வகுப்பில் மீனம்மாவும் தவறாமல் அப்படித்தான் சொல்வாள். நீ வேலை செய்கிற இடத்தில் எடுத்த அம்மாவுக்கு அது தெரியவில்லை. பஸ்காரன் ஊர்ப் பெயர் அடுக்குகிற மாதிரி என்னவோ சொன்னார். நான் என் மூன்று வசனத்தையும் மூச்சு விடாமல் ஒப்புவித்தேன். அதற்கு அவர், "ஓ பிரேமினி, ஷீஸ் ஓஃப், லவ்" என்றார். அப்புறம் பை சொல்லி வைத்துவிட்டார்.

எனக்குத் தெரிந்த ஓஃப், லைட்டை அணைப்பதுதான். ஆள் ஓஃப் என்று இங்கே சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். ஆனால் லவ் என்று ஏன் சொன்னார்? சாவுச் செய்தி சொல்கிறவர் லவ் என்பாரா? அப்படியானால் நீ யாரையோ விரும்பிப் போய்விட்டாயா? எந்தத் தாயாவது மகள் ஓடிப்போயிருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டுவாளா பிரேமினி, நான் வேண்டினேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டியூட்டியில் இருக்கிறாளாம் என்று சொல்லிவிட்டு, குடையைக் கூட எடுக்காமல் டீச்சர் வீட்டுக்கு ஓடினேன்.

டீச்சர் முதலில் சிரித்துவிட்டார். "ஐயோ நாகலெட்சுமி, ஓஃப்னா லீவுங்க, வேலைக்கி வரலன்னு சொல்லியிருக்காங்க. லவ்ங்கிறது நாம கண்ணுன்னு கூப்பிடுற மாதிரி" என்றார். முன்பின் தெரியாத நான் அவருக்கு எப்படிக் கண்ணு ஆனேன் என்று கேட்டேன். சரி, லீவு என்றால் எதற்கு லீவு? டீச்சர் தானே பேசுவதாகச் சொன்னார், நான் விடவில்லை. மெதுவாகப் பேசுங்கள், நான் அவளுடைய அம்மா என்பதை மட்டும் இங்கிலீஷில் எழுதி வாங்கிக்கொண்டு மறுபடி எடுத்தேன். அதே அம்மாதான். மதர் என்றதும் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். சிக். ஹொஸ்பிட்டல். டூ நைட்ஸ். நவ் ஹோம். இதற்கு எனக்கு டீச்சர் தேவைப்படவில்லை. என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்டேன், அதை பிரேமினியிடம்தான் கேட்க வேண்டும் என்றாராம், பக்கத்தில் காதை வைத்துக் கேட்ட டீச்சர் சொன்னார். "அவங்க சட்டம் அப்படி" என்றார் டீச்சர். பெற்றவளுக்கும் சொல்லக்கூடாத சட்டம் என்ன சட்டமோ. ஹோம் என்றது உன் அறையையா, அந்த முதியோர் ஹோமையா என்பதும் இன்றுவரை புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீயே எடுத்தாய். "போனு ஒடைஞ்சிருச்சும்மா, நாலு நாளும் டபுள் டியூட்டி" என்று சிரித்தாய். அப்பா சந்தோசத்தில் ராக்காயி அக்கா வீட்டுக்கே போய்ச் சொன்னார். நான் எதைக் கேட்பேன்? இங்கிலீஷில் ஒன்று சொன்னார்கள், தமிழில் நீ வேறொன்று சொல்கிறாய். எனக்குத்தான் தப்பாகக் கேட்டிருக்குமோ என்றும் நினைத்தேன், என் இங்கிலீஷுக்கு வயது ஆறு மாதம். ஆனால் உன் பேச்சை இருபத்தாறு வருசமாகக் கேட்கிறேன். நீ பொய் சொல்லும்போது "சாப்பிட்டியாம்மா" என்று இரண்டு தரம் கேட்பாய். அன்றைக்கு மூன்று தரம் கேட்டாய்.

கோபம் இல்லை மகளே. நானும்தான் அப்பாவிடம் டியூட்டி என்று சொன்னேன். என்ன வருத்தம், வயிற்றை வெட்டினார்களா, ஆஸ்பத்திரியில் ஒரு வாய் சுடுதண்ணி கொடுக்க யார் இருந்தார்கள், எல்லாவற்றையும் தமிழில் எழுது. நீ சொல்லும்வரை அப்பாவுக்குச் சொல்ல மாட்டேன். மல்லி, இஞ்சி அவித்துக் குடி, தலைக்குக் குளித்தால் உடனே துடை, பாரம் எதையும் தூக்காதே.

எல்லாத் தெய்வமும் உன் கூட இருந்து உன்னை நடமாட வைக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அந்த அம்மாவுக்குத் திரும்ப எடுப்பேன். கேட்க வேண்டியதைப் பாடமாக்கி வைத்திருக்கிறேன், இந்தத் தடவை டீச்சரையும் கூப்பிட மாட்டேன்.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா நாகலெட்சுமி