கொறைக்காம வரை

பீரோவின் கீழ்த்தட்டை ஒதுங்க வைக்கும்போது உங்கள் கை வைத்த பனியன்கள் கிடைத்தன. எல்லாமே ஒரு சுற்றுப் பெரிய அளவு. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. யாருக்கும் கொடுக்க மனமில்லை, வைத்துக்கொள்ளவும் தெம்பில்லை.

ராஜபாளையம் வெயிலில் மில்லிலிருந்து வியர்த்து வருவீர்கள். தெருவில் மற்ற ஆண்கள் வெற்றுடம்போடு காற்று வாங்குவார்கள். நீங்கள் மட்டும் பனியன், அதன்மேல் சட்டை. கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்துத்தான் காரணம் சொன்னீர்கள்.

“பள்ளிக்கூடத்துல படிக்கையில அருவிக்குப் போனோம். என் நெஞ்சப் பாத்து, பொம்பளப்புள்ள மாதிரி இருக்குன்னு சிரிச்சானுவ. பொறவு நான் சட்டையக் கழத்தல.”

மார்பில் கொஞ்சம் கூடுதல் சதை. அவ்வளவுதான். அதற்கு ஒரு ஆயுள் முழுக்க வெக்கை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. விடுமுறையில் சுவர்ப் படங்களும் வரைவேன். ஒரு ஜிம் சுவரில் புடைத்த மார்பும் கட்டுக்கட்டான வயிறுமாக ஆண்களை வரைந்துகொண்டிருந்தபோது டீ வாங்கி வந்தீர்கள். வெகுநேரம் பார்த்தீர்கள்.

“இப்படி ஒரு ஆள நேர்ல பாத்திருக்கியா?”

“இல்லைங்க.”

“பொறவு யாரப் பாத்து வரையிற?”

டீயைக் குடித்துவிட்டு மறுபடி தூரிகையை எடுத்தேன்.

அடுத்த ஞாயிறு கோயில் பூசை முடிந்து வந்ததும், சட்டையையும் பனியனையும் கழற்றிவிட்டு என் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். கைகள் மார்பை மூடியிருந்தன.

“என்னைய வரை. கொறைக்காம வரை.”

முகத்தை முதலில் வரைந்தேன். அதை முடிப்பதற்குள் கைகள் மடிக்கு இறங்கிவிட்டன. சாயங்காலம் படத்தைக் காட்டினேன்.

“இம்புட்டுதானா, ஏட்டி? இதுக்கா இம்புட்டு வருசம் ஒளிஞ்சேன்?” என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருடக் கடைசியில் மில்லிலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள். படத்தைக் கூடத்தில் மாட்டினேன். சேத்தூரிலிருந்து உங்கள் தம்பி வந்தார்.

“மதினி, அண்ணன் கல்யாண போட்டோ இருக்குல்லா, அத மாட்டுங்க. நாலு பேரு வந்து போற வீடு. ஆம்பளைய இப்படியா வைப்பாவ?”

“அவிய கேட்டுத்தான் வரைஞ்சேன்.”

வரும்போதெல்லாம் இதே பேச்சு. வாதாடி அலுத்துவிட்டது. இப்போது காப்பி மட்டும் போட்டுக் கொடுக்கிறேன். அவர் நாற்காலியைத் திருப்பி, படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து குடிக்கிறார். போன வாரம் கிளம்பும்போது சற்று நின்றார். “மொகம் அப்படியே அண்ணன்தான்” என்றார். கழுத்துக்குக் கீழே பார்க்காமலே செருப்பை மாட்டிக்கொண்டார். நான் படத்தை இறக்கவில்லை.

ஒன்றை மட்டும் உங்களிடமும் சொல்லவில்லை. அன்று முகத்தை முடித்து மார்புக்கு வந்தபோது நீங்கள் தூங்கிவிட்டீர்கள். பட்டப்பகலில், ஜன்னல் திறந்திருக்க, வெற்றுடம்போடு, வாய் லேசாகப் பிளந்து. வரைந்துகொண்டிருந்த கரித்துண்டைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தூக்கம் படத்தில் இல்லை. அது என்னிடம் இருக்கிறது.