அம்மா மண் அணைத்த டர்னிப்

இயேசு மரி சூசை துணை

கடலூர்,
பொங்கல் முடிந்த ஞாயிறு.

அன்புள்ள ஜெனி அக்காவுக்கு, அம்மா அந்தோணிமேரி சொல்லச் சொல்ல, தங்கை நித்யா எழுதுவது.

முதலில் என் கண்ணில் பட்டது ஈர மண்ணில் ஒரு விரல் தடம். அதைச் சொல்வதற்கு முன்னால் நலம் விசாரிக்க வேண்டும் என்று அம்மா அதட்டுகிறாள். இங்கே அப்பா, அம்மா, நான், செவலை மாடு, அதன் கன்று எல்லோரும் மாதா புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். கோத்தகிரிக் குளிரில் உன் இருமல் எப்படி இருக்கிறது, கம்பளி போதுமா என்று நான் கேட்கிறேன், அம்மா கேட்கவில்லை. "கெழங்கப் பத்தி மட்டும் எழுது, வேற ஒண்ணும் எழுதாத" என்பதுதான் எனக்கு உத்தரவு. நீ மடத்துக்குப் போனதிலிருந்து உனக்கு ஒரு வரி எழுத ஒப்பாதவள், இன்று பூசை முடிந்து வந்ததும் தானே பேப்பரை எடுத்து என் முன்னால் வைத்தாள். அதனால் நான் உடனே பேனாவை எடுத்துக்கொண்டேன். அடுப்பைப் பார்க்க அவள் உள்ளே போகும்போதெல்லாம் என் பங்குக்கு இரண்டு வரி சேர்த்துக்கொள்கிறேன். பத்தாவதோடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உங்கள் மடத்துத் தோட்டத்திலிருந்து நீ கொடுத்தனுப்பிய நான்கு டர்னிப் விதைப் பொட்டலமும் கார்த்திகை பிறந்து மழை விட்ட நேரத்தில் வந்து சேர்ந்தன. கூட வந்த உன் கடிதத்தை நான் சத்தமாகத்தான் படித்தேன். பிப்ரவரி இரண்டாம் தேதி, காணிக்கை மாதா திருநாள் அன்று, நீ கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுக்கிறாய், அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து உன்னைப் பீடம் வரைக்கும் அழைத்துப் போக வேண்டும் என்று எழுதியிருந்த இடம் வந்ததும் அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அங்கிருந்தே, "மடத்துக்குப் போறத பாதர்கிட்ட சொல்லத் தெரிஞ்சிது. பெத்தவ மட்டும் கோயில்ல அடுத்தவ வாயால கேட்டுத் தெரிஞ்சிக்கணுமா? கையப் புடிச்சி உட அவ அப்பா போவட்டும், நான் வரல. அவ குடுத்த வெதயையும் நான் தொட மாட்டேன்" என்றாள். அப்பா, "நீ தொடாத மேரி, மாடு தொடும்" என்றார். அம்மா முறத்தைத் தட்டிப் புடைத்தாள். மீதிக் கடிதத்தை நான் வாசற்படியைப் பார்த்தபடி படித்து முடித்தேன். நல்ல கிழங்கை விதைக்கென்று அங்கே விட்டு வைக்காதே, நம்மூர் சூட்டில் அது பூக்காது, மலையில் கொண்டு வந்து நட்டால்தான் பூத்து விதை பிடிக்கும் என்று நீ கடைசியில் எழுதியிருந்ததை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் மேட்டுப்பாத்தி போட்டு நான்தான் விதைத்தேன். பால் போல் வெள்ளையாய் இருக்கும் சின்ன ரகம்தான் முந்திக்கொண்டது, எலுமிச்சங்காய் அளவில் பிடுங்கிப் பொரியல் செய்தால் முள்ளங்கி மாதிரி காரம் இல்லை, லேசான தித்திப்பு. மஞ்சள் ரகம் நம் மண்ணுக்கு ஒத்துவரவில்லை அக்கா, பாதி வெடித்துவிட்டது, மீதி நார். தீவன ரகம் இலையே முழங்கால் உயரம் வந்தது, கிழங்கு அப்பாவின் இரண்டு கைக்கும் அடங்கவில்லை. மண்ணுக்கு மேலே நீட்டும் தோள் ஊதாவாக வரும் என்று நீ எழுதியிருந்த ரகத்தைத்தான் நான் ஆசையாய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அது மண்ணை விட்டுத் தலை காட்ட ஆரம்பித்தது. மறுநாள் காலையில் பார்த்தால் தலையே இல்லை, ஒவ்வொன்றின் மேலும் புது மண் அணைத்து, அமுக்கிய விரல் தடம். நான் மண்ணை விலக்கிவிட்டேன். அடுத்த நாள் மறுபடியும் மூடியிருந்தது. கோழியாய் இருக்கும் என்றால் கோழிக்கு ஏது விரல். ஒரு விடியற்காலையில் சீக்கிரம் எழுந்து கொட்டகைப் பக்கம் நின்று பார்த்தேன். அம்மா பால் கறக்கப் போகிறவள், சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கிழங்குக்கும் மண் அணைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்து படுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மண்ணை விலக்கவும் இல்லை.

போகி அன்று அந்தப் பாத்தியைப் பிடுங்கினோம். ஒன்றில்கூட ஊதா இல்லை, வெயில் படாததால் எல்லாம் கழுத்து வரைக்கும் வெளுத்துப்போயிருந்தன. அப்பா ஒரு கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் பொண்ணு கலர் குடுத்து அனுப்பினா, நீ பொங்கலுக்கு வெள்ளயடிச்சிட்டியா மேரி?" என்றார். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தல வெளிய தெரிஞ்சிது. பனி கொட்டுது, அப்படியே உட்டுட முடியுமா? எனக்கு இன்னா தெரியும், அது அப்படித்தான் வளரும்னு" என்றாள். அப்புறம் யாரையும் பார்க்காமல், "அவதான் எழுதியிருக்கலாம்ல" என்றாள். நீ எழுதியிருந்தாய் அக்கா, அவள் அப்போது வெளியே இருந்தாள், காதில் விழவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு அம்மா நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் அந்தக் கிழங்கைப் போட்டாள். உன் விதையைத் தொட மாட்டேன் என்றவள் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். இலையைப் பருப்போடு கடைந்தால் கீரை மாதிரியே இருக்கிறது. மிச்சத்தை அண்ணாமலை நகரில் ஹாஸ்டல் மெஸ் நடத்தும் ஆண்ட்ரூ மாமாவுக்குக் கொண்டு போனேன். சிதம்பரம் பஸ்ஸில் தனியாகத்தான் போனேன், சமையல் ஆளிடம் எப்படி வேகவைப்பது என்று நானே வாய் திறந்து சொன்னேன், மாமாவால் நம்ப முடியவில்லை. தீவன ரகத்தை மாட்டுக்குப் போட்டதில்தான் வம்பு. கறப்பதற்கு முன்னால் ஒரு கூடை நறுக்கிப் போட்டுவிட்டேன், அன்றைய பாலெல்லாம் அந்த வாசனை. நம் பாலை வாங்கும் சாமியார் பங்களா சமையல்காரம்மா வந்து, "இன்னா மேரி, பாதர் டீயக் குடிச்சிட்டு சாம்பாரான்னு கேக்குறாரு" என்றார். இப்போது கறந்த பிறகுதான் போடுகிறோம், தொண்டையில் சிக்காமல் இருக்கச் சின்னதாய் நறுக்கி. பால் கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் இருக்கிறது. அங்கே உங்கள் மாடுகளுக்கும் கறந்த பிறகே போடச் சொல் என்று அம்மா சொல்கிறாள்.

இதுவரைக்கும் அம்மா சொன்ன கிழங்கு விஷயம் முடிந்தது, பேனாவை மூடிவிட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. பாத்தி ஓரத்தில் பிடுங்காமல் நான்கு கிழங்கு விட்டு வைத்திருக்கிறாள், எதற்கென்று இந்த நிமிஷம் வரை எங்களுக்குத் தெரியாது. "மலையில நட்டாத்தான் பூக்கும்னு எழுதியிருந்தா இல்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "தபால்ல அனுப்பினா அழுகிப் போயிடும்" என்றாள். அழுகித்தான் போகும் என்றேன். "உங்கப்பா கைல குடுத்தா பஸ்ஸுலயே வெச்சிட்டு எறங்கிடுவாரு." அதற்கும் ஆமாம் என்றேன். முந்தானை நுனியைத் திருகினாள். "அப்ப நான்தான் எடுத்துனு போவணும். சேலம் போயி மேட்டுப்பாளையம் பஸ்ஸு புடிக்கணுமாமே. எழுது. கெழங்கக் குடுக்கத்தான் வரேன்னு எழுது." எழுதிவிட்டேன் அக்கா, அவள் சொன்னபடியே.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும் என்று அப்பா சொல்கிறார். ராத்திரியில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு படு, சுடுதண்ணீர் குடி, முழங்கால் வலித்தால் ஜெபத்தில் சிஸ்டரிடம் கேட்டு உட்கார்ந்துகொள், ஆண்டவர் ஒன்றும் கோபிக்கமாட்டார் என்பது அம்மாவின் புத்தி. நான்கு கிழங்குக்கும் குழி எடுத்து வைக்க வேண்டுமாம், மறந்துவிடாதே. வார்த்தைப்பாடு அன்று பீடத்துக்குப் போகும்போது அம்மாவுக்கு உன் எந்தக் கைப் பக்கம் என்று எனக்கு மட்டும் தெரியும்படி எழுது, அவள் கேட்கச் சொன்னதாகத் தெரியக்கூடாதாம்.

இப்படிக்கு உன்னைப் பெற்றவள்,
அ. அந்தோணிமேரி

கையெழுத்தை அவளே போட்டாள். நான் கிழங்கைச் சுற்றக் கோணிப்பையை நனைத்து வைத்தேன்.