என் முறை இல்லாத நாள்கள்

பிப்ரவரி 6

என் முறை இல்லை. நான்காம் வகுப்பு நோட்டுகளைத் திருத்தி முடித்தபோது மணி நாலு. வீட்டுக்குப் போய் என்ன செய்ய? மகள் சென்லூயியில் படிக்கிறாள். கணவர் மொமார் இன்றும் நாளையும் இளையவள் மரேம் வீட்டில். இரண்டு நாள் மூத்தவள் எனக்கு, இரண்டு நாள் இளையவளுக்கு. ஐந்து வருஷமாக இப்படித்தான். பழகிவிட்டது என்று கேட்பவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கடற்குடாவுக்கு இறங்கினேன். மேலே சாலையில் பஸ்ஸும் டாக்சியும் ஹாரன் அடித்துச் சாகின்றன. பாறைப்படியில் பாதி இறங்கினால் போதும், டக்கார் என்று ஓர் ஊர் இருப்பதே மறந்துபோகிறது. இந்த மாதத்தில் தண்ணீர் ஐஸாக இருக்கும், யாரும் வருவதில்லை. ஓர் ஆள் மட்டும் தன் செம்மறிக்கிடாவைக் கடலில் நிறுத்திச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.

"சுகமா, அம்மா? வீட்டுல எல்லாரும் சுகமா?"

"சுகம்தான்."

"வீட்டுக்காரர், புள்ளைங்க?"

"எல்லாரும் சுகம். கிடா எப்படி இருக்கு?"

"என்னைவிட நல்லா இருக்கும்மா. சோப்பெல்லாம் அதுக்குத்தான்."

பள்ளிக்கு வெளியே இன்று நான் பேசியது இவ்வளவுதான். வீட்டில் எல்லாரும் என்றால் நான் ஒருத்தி. அதை அவனிடம் சொல்ல முடியுமா?

பிப்ரவரி 8

என் முறை. வீடு கழுவி, அறைக்குச் சாம்பிராணி போட்டு, மரவள்ளியும் கோஸும் போட்டு மீன்சோறு. மொமார் வந்தார், சாப்பிட்டார், தூங்கினார். தேநீருக்குக்கூட உட்காரவில்லை. போன் சட்டைப்பையிலேயே இருந்தது.

பிப்ரவரி 9

இன்றும் என் முறை. பெரிய களவா மீனாகப் பார்த்து வாங்கினேன். சோறு இறக்கி மூடி வைத்த பிறகு போன் வருகிறது.

"மரேமோட புள்ளைக்குக் காய்ச்சல். எனக்காகக் காத்திருக்காத."

பக்கத்து வீட்டு சோக்னாவைக் கூப்பிட்டுப் பாதிக்கு மேல் கொடுத்தேன். தட்டை வாங்கும்போது சிரிக்கிறாள். "உன் வீட்டுக்காரர் வராத நாள்ல எங்க வீட்டுல விருந்து, கினே. இந்த மாசம் நல்லா சாப்பிடுறோம்." அவள் சொன்னது விளையாட்டுக்குத்தான். கதவைச் சாத்திய பிறகும் அது காதிலேயே இருந்தது.

பிப்ரவரி 11

குடா. இன்று கிடாக்காரனும் இல்லை.

திருமணத்துக்கு முன்னால் மொமார்தான் என்னை இங்கே முதலில் அழைத்து வந்தார். இருபத்துமூன்று வருஷம் இருக்குமா? படியிறங்க பயந்தேன். செருப்பை வாங்கி அவர் கையில் வைத்துக்கொண்டார். "இந்த இடம் எனக்கும் மீனுக்கும் மட்டும்தான் தெரியும். இனிமே உனக்கும்" என்றார். அப்போது கொலோபான் சந்தையில் அவருக்குக் கடை கிடையாது, ஒரு பலகைதான். அதில் நாலு பழைய கார்பரேட்டர். அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இன்னும் பிடிக்கிறது, அதுதான் வினை.

மரேமுக்கு முப்பத்தொரு வயது. அவளுக்கு இந்த இடம் தெரியாது. சின்ன புத்திதான், ஆனாலும் அதில் எனக்கொரு நிம்மதி.

பிப்ரவரி 13

என் முறை. வரவில்லை. அதென்ன காய்ச்சல், என் முறை நாளாகப் பார்த்து வருகிறது?

பிப்ரவரி 17

நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. இந்த மாதத்தில் எனக்குச் சேரவேண்டிய ஒன்பது நாளில் ஐந்து போச்சு.

போதும். புருஷன் வேணும்னு கேட்டு வாங்கிட்டா, சரி. என் ரெண்டு நாளையும் சேர்த்து எடுத்துக்க அவ யாரு? காய்ச்சலாம். புள்ளையை வெச்சு ஆட்டம் காட்றா. வர்ற ஞாயித்துக்கிழமை பெரியப்பா வீட்டுக்குப் போறேன். எங்க நிக்காஹை முடிச்சு வெச்சவர் அவர். எல்லாரையும் உட்கார வெச்சு நேராவே கேக்கப்போறேன் — ஒருத்தியோட முறையை இன்னொருத்தி திருடலாமான்னு. கேட்டுட்டா அவ யார் மூஞ்சியிலும் முழிக்க முடியாது. முடியாமப் போகட்டும்.

நாத்தனார் பெந்தாவிடம் போனில் சொன்னேன். "அவசரப்படாத கினே, பெரியவருக்கு உடம்பு சரியில்ல" என்று இழுத்தாள். பெரியவர் நேற்று பள்ளிவாசலில் ஒரு மணி நேரம் நின்று பேசியதாக சோக்னாவின் கணவர் சொல்கிறார். பெந்தாவும் அவள் பக்கம்தான் போல.

பிப்ரவரி 20

காலையில் போனில் மொமார்: "இன்னிக்கும் நாளைக்கும் மரேம் வீட்டுல இருக்கேன். முறையை மாத்திக்கலாம், அடுத்த நாலு நாளும் உனக்கு."

சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான், அதுவரை சண்டை எதற்கு.

பிப்ரவரி 21

எங்கே ஆரம்பிப்பது?

என் முறை நாளில் நான் குடாவுக்குப் போனதே இல்லை. இன்று அவரே முறையை மாற்றிவிட்டதால் போனேன். பாறை ஓரம் பாய் விரித்து ஒருத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மூன்று வயதுக் குழந்தை ஒன்று ஈரமணலில் நண்டைத் துரத்திக்கொண்டிருந்தது. என் இடத்தில் யார் என்று எரிச்சலோடு இறங்கினேன். திரும்பினாள். மரேம்.

இதற்கு முன் அவளை இரண்டே தடவை பார்த்திருக்கிறேன். ஒன்று அந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று.

பதறி எழுந்தாள். "அக்கா? இன்னிக்கு உங்க முறையாச்சே?"

"அவர் உன் வீட்டுல இல்லையா?"

"உங்க வீட்டுலதானே இருக்கார்? போன வாரம் என் முறையிலகூட உங்களுக்கு முதுகு வலின்னு அங்கேயே இருந்துட்டாரே. இப்போ பரவாயில்லையா முதுகு?"

முதுகு. குழந்தையைப் பார்த்தேன். "இவளுக்குக் காய்ச்சலாமே, இந்த மாசம் பூரா."

"இவளுக்கா? இவளுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வருஷம் ஆகுது."

அவள்தான் முதலில் பாயில் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். என் முறை நாள்களில் வீட்டில் இருக்க முடியாமல் இங்கே வருவாளாம். யோஃபிலிருந்து பஸ் ஏறி, குழந்தையையும் தூக்கிக்கொண்டு. நான் போகாத நாளெல்லாம் அவள் வந்திருக்கிறாள்.

"இந்த இடம் உனக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி அவர்தான் கூட்டிட்டு வந்தார். தனக்கும் மீனுக்கும் மட்டும்தான் தெரியும்னு..."

"இனிமே உனக்கும்னு சொன்னாரா?"

என்னைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

காய்ச்சல் பொய், முதுகு வலி பொய். அதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். இந்த ஒரு பேச்சை எனக்கென்று வைத்திருந்தேன். அதுவும் எனக்கு மட்டும் இல்லை. அவள் முன்னால் அழவில்லை. படியேறும்போது அழுதேன்.

பிப்ரவரி 22

பெந்தாவுக்குப் போன் செய்து ஒரே கேள்வி கேட்டேன்: மொமார் எங்கே? வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை. தெரிந்துவிட்டது.

நாளை பெரியப்பா வீட்டுக்குப் போகப்போவதில்லை. ஒன்றும் அறியாத அந்தப் பெண்ணைச் சபையில் நிறுத்தியிருப்பேனே. எவ்வளவு சபித்தேன் அவளை.

பிப்ரவரி 25

பெந்தா வந்தாள். மடியில் கோலாக்கொட்டைப் பொட்டலம். ஐந்து வருஷத்துக்கு முன் மரேமின் நிக்காஹைச் சொல்ல இதே பெந்தா இதே மாதிரிப் பொட்டலத்தோடு வந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கோபப்படாத கினே. ஒரு மாசம் ஆச்சு. பள்ளிவாசல்ல முடிஞ்சிருச்சு. இங்க டக்கார்லயே, மெதினாப் பக்கம் ஒரு பொண்ணு, நல்ல பொண்ணு."

தண்ணீர் கொடுத்தேன். மூத்தவள் முகம் சுளிக்கக்கூடாது. சுளித்தால் ஊர் அதைத்தான் பேசும். போன தடவையும் சுளிக்கவில்லை. பெந்தா தெருமுனை தாண்டியதும் சமையலறைத் தரையில் உட்கார்ந்த நான், இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் இருந்திருந்தால் போதும் என்று அன்று தோன்றியது. யாராவது ஒருத்தர்.

"மரேமுக்குச் சொல்லியாச்சா?"

"அடுத்து அங்கதான் போறேன்."

"இரு, உடுப்பு மாத்திட்டு வரேன்" என்று வாயில் வந்துவிட்டது. பெந்தா விழித்தாள்.

"நீ எதுக்கு வரணும்? அவ உன் சக்களத்தி."

"ஆமா. அதான் வரேன்."

யோஃபில் மரேம் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பெந்தாவின் பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். பெந்தா போன பிறகும் நான் இருந்தேன். தேநீர் போட்டேன், அவள் வீட்டில் எந்த டப்பாவில் சர்க்கரை என்று தேடி. வழக்கமான மூன்று சுற்றும் குடித்தோம்.

மார்ச் 9

மொமார் இன்று வந்து நியாயம் பேசினார். மூவருக்கும் சமமாக இரண்டிரண்டு நாள், யாருக்கும் குறை வைக்கமாட்டாராம்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"வீட்டுல சண்டை வரவேணாம்னுதான்."

எந்த வீட்டில் என்று கேட்கவில்லை.

மார்ச் 28

மரேம் போய்விட்டாள். குழந்தையோடு தியெஸில் அம்மா வீட்டுக்கு, விவாகரத்து கேட்டிருக்கிறாள். போகும்முன் போன் செய்தாள். "நீங்களும் வந்துருங்க அக்கா" என்றாள், விளையாட்டாகவா நிஜமாகவா தெரியவில்லை. எனக்கு நாற்பத்தெட்டு வயது. என் அம்மா வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 17

குடா. யாருமே இல்லை. பாய் விரித்தபோது பழக்கத்தில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். அன்றும், அவள் போகும்முன் இன்னொரு நாளும், இரண்டே தடவைதான் அவளோடு இங்கே உட்கார்ந்தேன். அதற்குள் என்ன பழக்கம்?

மே 22

இரண்டு மாதமாக மொமார் ஒரு முறையும் தவறவில்லை. சொன்ன நேரத்துக்கு வருகிறார். மெதினாப் பெண்ணுக்கு மீன்சோறு வரவில்லையாம், அடிப்பிடித்துவிடுகிறதாம். என்னிடம் சொல்லிச் சிரிக்கிறார். நானும் சிரித்துவைத்தேன். பிப்ரவரியில் நான் ஏங்கியது இதற்குத்தான்.

ஜூன் 10

இன்று என் முறை.

பள்ளி விட்டதும் சந்தைக்குத் திரும்பும் தெருவில் கொஞ்சம் நின்றேன். பிறகு நேராகப் படியிறங்கிவிட்டேன். தண்ணீர் இதமாகிவிட்டது. கழுத்துவரை போய் நின்றேன். கரைக்கு வந்தபோது பையில் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"கதவு பூட்டியிருக்கு. எங்க இருக்க?"

"கடல்ல."

"இன்னிக்கு உன் முறை, கினே."

"தெரியும்."

"யாரோட இருக்க?"

"தனியாத்தான்."

"அப்போ நான் எங்க போறது?"

யோசித்துப் பார்த்தேன். கோபமெல்லாம் இல்லை, உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. அதையே சொன்னேன்.