கராம்பு அறையில் வைத்த சுருட்டு

நவம்பர் 11, செவ்வாய்

விடியலில் இருந்து தூறல். மிளகுச் சாக்கெல்லாம் ஈரம் குடித்துக் கிடக்கிறது.

இன்று சொல்லாதது: "நானா, எங்கள் அண்ணனுக்கு மணம் தெரியாது."

நாக்கு நுனிவரை வந்தது. ரசீன் நானா (இனி ர.நா., கை வலிக்கிறது) எங்கள் வாசனைச் சரக்குக் கடை வாசலில் குடையை மடக்கிக்கொண்டே, "தம்பி, எப்பிடி எங்கட சுருட்டு?" என்றார். அண்ணன் கண்ணை மூடி மூச்சை இழுத்தான். "இன்னும் ஒண்ணு ரெண்டு பார்த்துட்டுச் சொல்றேன் நானா. இதுல அவசரப்படக் கூடாது."

ஒன்றைக்கூட அவன் பற்றவைக்கவில்லை. நானா போன வாரம் தந்த பெட்டியை இன்னும் திறக்கவே இல்லை.

"உங்கட மூக்க நம்பித்தான் சனிக்கிழமை ஹோட்டல்காரரக் கூட்டிட்டு வாரேன். மாத்தளையில சரக்குப் பாக்க உங்கள விட ஆளில்லன்னு சொல்லி வச்சிருக்கேன்."

நான் தராசுக்குப் பக்கத்தில், கறுவாப்பட்டை கட்டிக்கொண்டு. வாயை மூடிக்கொண்டு.

ர.நா. நாவுலையில் தானே புகையிலை நட்டு, பதப்படுத்தி, ஹோட்டல்களுக்கென்று உயர்தரச் சுருட்டு செய்கிறார். காணியில் இருந்த மிளகுக் கொடியை இதற்காகவே வெட்டினார். ஹோட்டல்காரர் எடுக்காவிட்டால் அடுத்த போகத்துக்குத் திரும்பவும் கத்தரிக்காய்தான் என்று சிரித்தார். சிரிப்பு கண்வரை போகவில்லை.

அண்ணனின் மூக்கு கொரோனாவோடு போனது. திரும்பவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. சாக்கு அவிழ்க்கும்போது கடை முன்னால் இருக்கும் நாற்காலியில் சரக்குப் பார்ப்பவர் மட்டும்தான் உட்காருவார், கொண்டுவந்தவர் நிற்பார். அப்பாவின் காலத்தில் இருந்து அப்படி. நாற்காலியில் அண்ணன். முகர்ந்து பார்ப்பது நான், உள்ளே, மாதிரி எடுத்துவரும் பெயரில். நான் தராசுத் தட்டில் கை வைத்தால் நல்ல சரக்கு. வைக்காவிட்டால் பழையது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஒரு பிடி அள்ளி, ஆழமாக மூச்சிழுத்து, தீர்ப்புச் சொல்வான். நல்ல நடிகன். அதுதான் எரிச்சல்.

இப்போது சுருட்டும் என் தலையில்.

வாங்க வேண்டியது: ரின்சோ சோப்புத்தூள், அண்ணிக்கு ஊசி நூல், தீப்பெட்டி 2.

நவம்பர் 12, புதன்

மழை இல்லை. அலுவிகாரையில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டைமாடி. அப்பா கடையில். அண்ணி படிக்கட்டில் காவல்.

முதல் சுருட்டு. பார்க்க அழகு. மேலிலை சீராக, காய்ந்த பலாச் சருகின் நிறம், நரம்பு தெரியாமல். விரலால் அழுத்தினால் எங்கும் ஒரே இறுக்கம். பற்றவைக்காமல் இழுத்துப் பார்த்தேன். கராம்பு. நல்ல, தெளிவான கராம்பு. ஆச்சரியம்.

பற்றவைத்தேன். புகையை நெஞ்சுக்கு இறக்கக் கூடாது, வாயில் வைத்து மூக்கு வழியாகக் கொஞ்சம் விட வேண்டும் என்று வாசித்திருந்தேன். வாசித்தது வேறு, இருமியது வேறு. ஐந்தாவது ஆறாவது இழுப்பில் பழகியது. தலை சுற்றவில்லை. வெறும் வயிற்றில் குடிக்காதது புத்தி. கனம் நடுத்தரம்: நாக்கில் நிற்கிறது, அழுத்தவில்லை. பாலில்லாத கோப்பிக்கும் பால் கோப்பிக்கும் இடையில்.

அண்ணி ஓடி வந்தாள். "பவி, பக்கத்து வீட்டு அக்கா கேக்குறாங்க, யாரு ஆம்பிள வந்திருக்காங்கன்னு!"

"என்ன சொன்னீங்க?"

"முனியாண்டிக்குச் சுருட்டு வச்சிருக்கோம்னு சொல்லிட்டேன்."

"மொட்டைமாடியிலயா அண்ணி?"

"சாமிக்கு மாடி ஏறத் தெரியாதா? நீ சீக்கிரம் முடி. அவங்க தேங்கா எடுக்கப் போயிருக்காங்க."

பாதியில் அணைத்தேன். தேங்காய் வந்தது. எலுமிச்சம்பழத்தோடு. அண்ணி முகம் மாறாமல் வாங்கி, ஒரு சிட்டிகைச் சாம்பலும் திருநீறு மாதிரிக் கொடுத்து அனுப்பினாள். சுருட்டுச் சாம்பல். நல்ல கெட்டியான வெள்ளைச் சாம்பல், உதிராமல் விரல் நீளம் நின்றது. (குறிப்பு: தரத்துக்கு அடையாளம்.)

தலைமுடி மூன்று தரம் கழுவியும் போகவில்லை. இரவு சாப்பாட்டில் அப்பா என்னைப் பார்க்காமலே, "ஜன்னலத் தொறந்து வைங்க" என்றார். அவ்வளவுதான். அவருக்கும் தெரியும்.

நவம்பர் 13, வியாழன்

பிற்பகல் மழை. மாடிப்படிக் கூரைக்குக் கீழே, இரண்டாவது சுருட்டு, இந்த முறை முழுவதும்.

முதல் பகுதி: வைக்கோல், வறுத்த நிலக்கடலை, மேலே கராம்பு.
நடுப்பகுதி: கோப்பித்தூள், கொஞ்சம் இனிப்பு. மிளகு அல்ல, மிளகு உடைத்த கையின் மணம். அருமை. இதற்காகவே ர.நா. மிளகுக் கொடியை வெட்டியது மன்னிக்கத்தக்கது.
கடைசிப் பகுதி: கசப்பு. பிறகு காரல், தொண்டையைச் சுரண்டும். மாட்டுக்கொட்டில் நெடி லேசாக. இலை போதிய நாள் கிடக்கவில்லை. அவசரப்பட்டுச் சுருட்டியிருக்கிறார்.

ஆனால் கராம்பு? எந்த மண்ணில் புகையிலைக்குக் கராம்பு வரும்? கத்தியால் ஒன்றைப் பிளந்தேன். மேலிலையில் கராம்பு. உள்ளிலையில் ஒன்றுமில்லை, வெறும் புகையிலை.

அண்ணியிடம் கேட்டேன், பெட்டி எங்கே இருந்தது என்று. "வேற எங்க? கராம்பு ரூம்லதான். மாமா வச்சாங்க."

அது சரி! இந்த வீட்டில் பெறுமதியான எதுவும் அங்கேதான் போகும். கூறைச் சேலை, காணி உறுதிப் பத்திரம், என் பட்டச் சான்றிதழ் (நேர்முகத் தேர்வில் ஒருவர் அதை முகர்ந்தே பார்த்தார்). பூச்சி வராதாம். சுருட்டுக்குப் பூச்சி பிடிக்கும் என்று ர.நா. சொல்லியிருக்கிறார். அப்பா அக்கறையாகக் கொண்டுபோய்க் கராம்புச் சாக்குகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார். ஒரு வாரம். சுருட்டு பஞ்சு மாதிரி, எது பக்கத்தில் இருந்தாலும் குடித்துவிடும்.

அண்ணன் வந்ததும் சொன்னேன். கராம்பு நம்முடையது, அதைச் சொல்லாதே. கடைசிப் பகுதி கசக்கிறது, அதை நானாவிடம் முன்பே சொல்.

"கராம்பு நல்லாத்தானே இருக்கு? மாத்தளைச் சுருட்டு மாத்தளை மணக்கட்டும்."

"அது சுருட்டுல இல்ல அண்ணே. பெட்டியில."

"சரி சரி. கடைசித் துண்டப் பத்தி ஏன் பேசணும்? அதுவரைக்கும் எந்த மனுசன் குடிப்பான்?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம். சுவராவது கேட்கும்.

நவம்பர் 14, வெள்ளி

கரண்ட் இல்லை, காலை முழுதும். போனில் மிச்சமிருந்த சார்ஜில் வெளிநாட்டுச் சுருட்டு விமர்சனங்கள். "பழைய தோல் நாற்காலி", "மழைக்குப் பிந்திய காடு", "தாத்தாவின் நூலகம்". யார் நாற்காலியை நக்கிப் பார்த்தது? தமிழில் நெடி, வாடை, காரல், கமறல், துவர்ப்பு என்று எத்தனை இருக்கின்றன. ஒவ்வொன்றும் மூக்கிலோ தொண்டையிலோ ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டும். நூலகம் எதற்கு?

என் குறிப்பை எழுதி அண்ணனின் போனுக்கு அனுப்பினேன், கனத்துக்கு மட்டும் ஆங்கிலத்தில் "மீடியம் பாடி" என்று. கராம்பு இல்லாமல். கசப்போடு.

சவரம் செய்தபடி மனப்பாடம் செய்கிறான். "மீடியம் பாடின்னா என்னா? என் சட்ட சைஸா?" அண்ணி சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். நானும் சிரித்தேன், அதுதான் கோபம்.

பிறகு பார்த்தேன், சாப்பிடும்போது ரசத்தில் உப்பைப் போட்டுவிட்டு நிறத்தைப் பார்க்கிறான். உப்பு நிறத்தில் எங்கே தெரியும்? மூக்கோடு நாக்கின் ருசியும் போனதில் இருந்து எல்லாவற்றையும் கண்ணால்தான். பாவமாக இருந்தது. ஐந்து நிமிடம். பிறகு பின்கட்டில் குரல்: "கராம்பு... கராம்பு... காரமான கராம்பு வாசம்..." நான் எழுதாததை ஒத்திகை பார்க்கிறான்.

நவம்பர் 15, சனி

வெயில். நல்ல சேலை. ஏன் கட்டினேன் என்று தெரியவில்லை, தராசுக்குப் பக்கத்தில் நிற்கத்தானே.

ஹோட்டல்காரர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர், மெதுவாகப் பேசும் மனிதர். அண்ணன் நாற்காலியில். அவர் உட்கார அப்பா வீட்டில் இருந்து ஒரு கதிரை வரவழைத்தார். ர.நா. நின்றார்.

ர.நா. பையில் இருந்து புதிய பெட்டி. "அது பழசு தம்பி. இது நேத்து நாவுலையில இருந்து நேரா எடுத்து வந்தது."

நேராக. கராம்பு அறையைப் பார்க்காத பெட்டி. அண்ணனை எச்சரிக்கத் தராசுத் தட்டில் கை வைக்காமல் நின்றேன். அண்ணன் என் பக்கம் திரும்பவேயில்லை, பாடம் தெரிந்த பிள்ளை.

இருவரும் பற்றவைத்தார்கள். அண்ணன் கண்ணை மூடினான். சிங்களத்தில், அழகாக: வைக்கோல், நிலக்கடலை, "மேல கராம்பு. நல்ல அழுத்தமான கராம்பு."

ஹோட்டல்காரர் இன்னொரு தரம் இழுத்தார். "கராம்பா? எனக்கு வரவில்லையே." பிறகு ர.நா.விடம், மரியாதையாக: "வாசனை ஏதும் சேர்க்கிறீர்களா? வாசனை போட்ட சுருட்டு நாங்கள் எடுப்பதில்லை."

ர.நா. முகம் வெளிறிவிட்டது. "அல்லாவே! நான் ஒண்ணும் போடல்ல சேர்! தம்பி, என்ன பேசுறீங்க? எங்க இருக்கு கராம்பு?"

அண்ணன் சுருட்டைப் பார்த்தான். நிறத்தைத் தேடுகிற மாதிரி.

கட்டிக்கொண்டிருந்த கறுவாப்பட்டையைக் கீழே வைத்தேன். வாசலுக்கு வந்தேன். பெட்டியில் ஒன்று எடுத்து, நுனி வெட்டி, பற்றவைத்தேன். கடைத்தெரு பார்க்க. எதிர்க்கடைப் பையன்கள் வேலையை விட்டு நின்றார்கள்.

"பவித்ரா, உள்ளுக்குப் போ," என்றார் அப்பா.

போகவில்லை. சிங்களத்தில் சொன்னேன்: இதில் கராம்பு இல்லை. பழைய பெட்டி எங்கள் கராம்பு அறையில் இருந்தது, அது எங்கள் பிழை, இவர் எதுவும் சேர்க்கவில்லை. கனம் நடுத்தரம். நடுப்பகுதி மிக நன்றாக இருக்கும். கடைசியில் கசக்கும், தொண்டையைச் சுரண்டும். இலை இன்னும் கிடக்க வேண்டும்.

"எப்படித் தெரியும்?"

"நான்தான் குடித்துப் பார்த்தேன்."

எதிர்க்கடையில் ஒருத்தன் விசில் அடித்தான். ர.நா. என்னைப் பார்த்த பார்வை: காப்பாற்றிய கையே அறைந்தது போல. கடைசியைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அண்ணன் சொன்னது சரி, அதுவரை எவன் குடிப்பான்.

ஹோட்டல்காரர் குடித்தார். கடைசி வரை. முகம் சுளித்து, மிச்சத்தைக் கீழே வைத்து, ஆமென்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி அடுப்படியில், மெல்ல: "முனியாண்டி நேர்லயே வந்துட்டாரு போல."

நவம்பர் 18, செவ்வாய்

மழை திரும்பவும்.

ஹோட்டல்காரர் அப்பாவுக்குப் போன் எடுத்திருக்கிறார். இப்போது சுருட்டு எடுக்க மாட்டார்களாம். இலையைக் கிடக்கவிட்டு, அடுத்த வருசம் கொண்டுவரட்டுமாம். அப்போது பார்த்துச் சொல்ல யாரைக் கூப்பிடுவது என்று கேட்டாராம். அப்பா அண்ணனின் நம்பரைக் கொடுத்தார்.

மத்தியானம் ர.நா. வந்தார். பாதிக் காணியில் கத்தரி போடப் போகிறாராம், மீதியில் புகையிலை. கையில் பொலித்தீனில் சுற்றிய இலைக்கட்டு. அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தான்.

"தம்பி இருங்க. முதலாளி, தங்கச்சியக் கொஞ்சம் கூப்பிடுங்க."

அப்பா நாற்காலியைப் பார்த்தார். பிறகு கூப்பிட்டார்.

வாசலுக்கு வந்தேன். அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இலைக்கட்டை வாங்கி, நின்றுகொண்டே முகர்ந்து பார்த்தேன்.