அவர் அம்மாவின் பித்தளை வில்லை

மார்ச் 4
துறைமுகத் தீ விபத்துப் பகுதி வெளியானது. மூன்று வாரம் நூலகத்தில் தூசி தின்று நான் எழுதியது. "பழைய தாள்களை நான் புரட்டியபோது..." என்று குரல் சார் உருகுகிறார். எங்கள் வரலாற்றுப் பாட்காஸ்டில் எழுதுவது நான், பேசுவது அவர். கடைசி நன்றியில் லிஃப்ட்காரர்கூட வருகிறார். நான் வரவில்லை.

மார்ச் 11
அடுத்தது கண்ணாடித் தொழிற்சாலைப் பெண்கள். "உங்க அம்மா அங்கதானே வேலை பாத்தாங்க? அந்த இடத்த நீயே பேசிடும்மா" என்றார். நானா!

மார்ச் 14
"அதெல்லாம் எதுக்குடி இப்ப?" என்றாள் அம்மா. பிறகு, "நீ பேசுறேன்னா சொல்றேன். வேற யாருக்கும் இல்ல."
நாற்பது பெண்களுக்கு ஒரே ஒரு பித்தளை வில்லை. கயிற்றில் கோத்து ஆணியில் தொங்கும். அதைக் கழுத்தில் மாட்டினால்தான் கழிப்பறைக்குப் போகலாம். ஒருநாள் அம்மா அதை ஒளித்துவிட்டாள். வில்லை கிடைக்கும்வரை யாரும் போகக்கூடாது என்றார் மேஸ்திரி. நாற்பது பேரும் ஒன்றாக எழுந்து போனார்கள். வேலைநிறுத்தம் அப்படித்தான் தொடங்கியது. எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.

மார்ச் 20
என் பக்கத்தை "என் அம்மா" என்றே எழுதினேன். கண்ணாடி முன் எட்டு முறை படித்துப் பார்த்தேன்.

மார்ச் 24
மைக் முன்னால் இரண்டு முறை தடுமாறினேன். "பரவால்லம்மா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் குரல் சார்.

மார்ச் 25
கூப்பிடவில்லை.

ஏப்ரல் 3
வெளியானது. அம்மா தலைவாரிக்கொண்டு கேட்க உட்கார்ந்தாள், யாரோ பார்க்க வருவதுபோல. "என் அம்மா அந்த வில்லையை ஒளித்துவிட்டார்" — அவர் குரல். ஒரு சொல் மாற்றவில்லை. தழுதழுப்பு வேறு.
அம்மா என் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஆம்பளப் புள்ள ஒண்ணு இருக்குன்னு நீ சொல்லவே இல்லியேடி."
சிரிச்சா. என்னால முடியல. அன்னிக்கு ரெண்டே ரெண்டு தடவதான தடுமாறினேன்? பட்டம் வாங்கி என்ன கிழிச்சேன்?

ஏப்ரல் 5
கேட்டேன். கேட்டேன் என்றால் — அவர் அறை வாசலில் நின்றேன். "ஒரே குரலா இருந்தாத்தான் கேக்குறவங்க மனசுல ஒட்டும்மா. படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாததா?"

ஏப்ரல் 16
'கேட்க வேண்டிய பத்து வரலாற்றுப் பாட்காஸ்ட்கள்' — நாளிதழ் பட்டியலில் நாங்கள் முதலிடம். காரணம்: "சொந்தத் தாயின் வாழ்விலிருந்து பேசும் நேர்மை." அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். ஒரு துண்டு தந்தார்கள். தின்றேன். அதுதான் ஆறவில்லை.

ஏப்ரல் 17
நாளிதழுக்குப் படம் வேண்டுமாம். "அந்த வில்லை அம்மாகிட்ட இன்னும் இருக்கா? நாளைக்கு எடுத்துட்டு வாயேன்."
"உங்க அம்மாகிட்டதான் இருக்கும் சார். கேட்டுப் பாருங்க."
என் குரலா அது? தடுமாறவே இல்லை.

ஏப்ரல் 18
அலுவலகத்துக்காக வைத்த ஆறு மணி அலாரத்தை எடுத்துவிட்டேன். இனி தேவையில்லை.

ஏப்ரல் 23
படம் வந்துவிட்டது. குரல் சார் உள்ளங்கையில் ஒரு வில்லை ஏந்தி, கண் கலங்கி நிற்கிறார். பளபளவென்று இருக்கிறது.
அம்மா தையல் டப்பாவிலிருந்து தன்னுடையதை எடுத்து நாளிதழ்மேல் வைத்தாள். மாறி மாறிப் பார்த்தாள்.
"இவர் கையில இருக்கறதுல ஓட்டையே இல்லியேடி. அவங்க அம்மா கயித்த எதுல கோத்திருப்பாங்க?"