அட்டைக்கு அடியில் இருந்த மஞ்சள்

அண்ணே,

ஆட்டுக்குட்டி அட்டையின் ஓரத்தைத் தின்றிருந்தது. இன்று காலை கொட்டகையில் நான் முதலில் பார்த்தது அதைத்தான். சுவரோரம் கிடக்கும் பலாப் பலகையின் மேல் நீ ஆணி அடித்து வைத்த அட்டை. ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியிலிருந்து கிடார் வடிவத்தில் நீயே வெட்டியது. கிடாரின் கழுத்துப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முனைகளை நாம் கொம்பு என்போமே, அதில் ஒரு கொம்பைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் மரம் மஞ்சளாக இருந்தது. போன வருடம் நீ அந்தப் பலகையை இழைத்து முடித்த அன்று இருந்த அதே மஞ்சள். சுற்றியிருந்த இடமெல்லாம் வெளிச்சம் பட்டுக் காய்ந்த புளி நிறத்துக்குப் போய்விட்டது.

குட்டியை வெளியே விரட்டினேன். மீதி அட்டையைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. பலகையை எடுத்துப்போக ஆசாரி வருவதாகச் சொன்ன நாள்.

அப்பா ஒரு வாரமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த எழவு இந்த வீட்டுல கெடக்கக் கூடாது. அதப் பாக்கப் பாக்க ஒங்கம்மாவுக்கு சோறு எறங்கல." அம்மா கொட்டகைப் பக்கமே போவதில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் இப்போது நான்தான். பலகை கதவு நிலைக்கு நன்றாக வரும் என்று ஆசாரி சொன்னாராம். யார் வீட்டுக் கதவு என்று நான் கேட்கவில்லை.

நான் எதையும் கேட்பவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனபோது ஒன்பதாவதோடு நின்றேன். ஏன் வரவில்லை என்று டீச்சர் போன் செய்தபோதுகூட வாயைத் திறக்காமல் போனை உன்னிடம் நீட்டினேன். நீதான் பேசினாய். அதன்பிறகு வீடு, மாடு, அடுப்பு. பகலெல்லாம் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அறந்தாங்கி செல்போன் கடையில் வேலை முடிந்து வந்து, முகம்கூடக் கழுவாமல் என் முன்னால் போனை நீட்டுவாய். வரிசையாக எலெக்ட்ரிக் கிடார் படங்கள்.

"ஊமச்சி, இதுல எது?"

நான் விரலை வைப்பேன். அவ்வளவுதான். ஆனால் விரல் உனக்குப் போதவில்லை. மேப்பிள் மரத்தில் செய்த ஒன்று. உடம்பெல்லாம் புலிக்கோடு போல அலையலையாக மின்னியது. அதற்கு நீ உயிரையே விட்டாய். நான் தலையாட்டி மறுத்தேன். ஏன், ஏன் என்று நச்சரித்துக்கொண்டே பின்னால் வந்தாய். தாங்க முடியாமல் சொன்னேன்: "புலிவேசம் கட்டுன ஆளு மாதிரி இருக்கு. வேசத்தக் கலைச்சா உள்ள யாருன்னே தெரியாது."

நீ சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அம்மா, ஊமச்சி பேசிட்டா! வாயத் தொறந்ததும் திட்டுறா பாரு!"

அதிலிருந்து தினமும் நடந்தது. மகோகனி மரத்தைப் பார்த்தால் பெரியவர்கள் முன்னால் உட்கார வைத்த புதுப்பெண் போல இருக்கிறது, குறையில்லை, ஆனால் என்ன நினைக்கிறது என்று தெரியவில்லை என்றேன். ஆஷ் என்ற மரத்தை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னேன். வெளிறிய நிறம். கண்மாயில் தண்ணீர் இறங்க இறங்கக் கரையில் விழுமே வரிவரியாக, அப்படி அதன் மேல் கோடுகள். அதற்கு லேசாக பாலிஷ் போட்டால் போதும், வேறு ஒன்றும் பூசக் கூடாது என்று சொன்னேன். கிடார்க் கழுத்தில் விரல் ஓடுகிற கட்டைக்கு நீ கறுத்த ஈட்டி மரம் கேட்பாய். நான் வெளிறிய மரம் கேட்பேன்.

"அழுக்கு தெரியும்டி."

"தெரியட்டும். யாரு வாசிச்சாங்கன்னு தெரியணும்ல."

சொந்தமாக ஒன்று என்றால் உனக்கு எப்போதும் கறுப்புதான். பளபளவென்று, முகம் தெரிகிற கறுப்பு. அதுதான் கெத்து என்பாய். திருவிழாக்களில் நீ வாசித்ததோ பாட்டுக் குழுவின் சிவப்பு கிடார். அந்தச் சிவப்பு எனக்கு முதல் நாளிலிருந்தே ஆகவில்லை. "அதுக்குள்ள என்ன மரம்?" என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்? உள்ள என்ன இருக்குன்னு தெரியாம இருக்குறதும் ஒரு அழகுதான்" என்றாய்.

ஊரெல்லாம் மரம் சாய்ந்த புயலில் விழுந்த நம் வீட்டுப் பலாவை அப்பா அறுத்துப் போட்டிருந்தார். அதில் ஒரு பலகை உனக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டாய். வருடக்கணக்கில் காயவிட்டாய். இழைத்து, அட்டையை வெட்டி ஆணியடித்த அன்றே கறுப்பு பெயிண்ட் டப்பாவும் வாங்கி வந்துவிட்டாய். அன்றுதான் நாம் நிஜமாகச் சண்டை போட்டோம்.

"மஞ்சளா ஒரு கிடாரா? பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்குப் பூசுன மாதிரி இருக்கும்."

"பெயிண்ட்தான் அடிக்கப்போறன்னா பலா எதுக்கு? முருங்கையில செஞ்சுக்க."

"முருங்கையா! ரெண்டாவது பாட்டுல ஒடிஞ்சு விழும்டி." சிரித்து முடித்துவிட்டு அமைதியாகச் சொன்னாய். "நீ மஞ்சளாவே விட்டாலும் அது அப்புடி இருக்காது. வெளிச்சம் படப்பட தன்னால கறுத்துப்போகும். கடேசில நான் கேட்ட கலருக்குத்தான் வரும்."

"அதுக்கு நாளாகும்ல. அது வரைக்கும் இருக்கட்டுமே."

"சரி, மொதல்ல அறுப்போம். கலர அப்பறம் பேசிக்கலாம்" என்றாய்.

அப்புறம் அம்மா பிறந்த ஊரில் திருவிழா வந்தது. கட்டுமாவடிக்குப் பக்கம்தான், சொந்தக்காரர்கள் ஊர் என்பதால் நாங்களும் வந்திருந்தோம். மத்தியானம் கோடை மழை பெய்து மேடை நனைந்திருந்தது. கோணிச் சாக்கு விரித்திருந்தார்கள், அதுவும் ஈரம். நீ எந்த மேடையிலும் ரப்பர் செருப்பைக் கழற்ற மாட்டாய். கிடார்க் கம்பியில் கையை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் சுள்ளென்று இழுக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். "மைக்கு முத்தம் குடுக்குது" என்று அதையும் கேலியாகத்தான் சொல்வாய்.

வெயில் இன்னும் இருந்தது. கச்சேரிக்கு முன்னால் மைக் டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. விழாக் கமிட்டியில் ஒருவர் மேடைக்குக் கீழே வந்து நின்றார்.

"தம்பி, செருப்பக் கழட்டுங்க. ஆத்தா சன்னதிக்கு எதுக்கவே மேடை போட்டுருக்கு."

"அண்ணே, தரை ஈரமா இருக்கு. கரண்டு அடிக்குங்கண்ணே."

"ஆத்தா பாத்துக்கிட்டு இருக்கயில கரண்டு என்னய்யா பண்ணும்? கழட்டுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்கு மோர் கொடுத்தவரும் அவர்தான். நீயும் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றி, குனிந்து என் கையில் கொடுத்தாய். "பிடிச்சுக்க. தொலச்சிராத."

நான் அதை மடியில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தேன். நீ மைக்குக்குக் குனிந்தாய். "டெஸ்ட்" என்று முழுதாகச் சொல்லவில்லை. நீ ஏதோ வேடிக்கை காட்டுகிறாய் என்று பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள். உன் விரல்கள் கம்பியை விடவில்லை. கீபோர்டு வாசிக்கிறவர் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். அதற்குப் பிறகுதான் நீ விழுந்தாய், கிடார் முதலில் தரையில் மோதியது.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அந்தக் கிடார் மேடை ஓரத்தில் கிடந்தது. அடிபட்ட இடத்தில் சிவப்பு பெயர்ந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். உள்ளே மரம் இல்லை அண்ணே. ப்ளைவுட். ஏடு ஏடாக ஒட்டிய ப்ளைவுட். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் உன்னைத் தவிர யாருக்கும் அது ஒரு விஷயம் இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் கிடாரைத்தான் திட்டினார்கள். அந்தக் கிறுக்கு பிடித்துத்தான் போய்ச் சேர்ந்தான் என்றார்கள். செருப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பேசினால் சாமியைப் பேசியது போல ஆகிவிடும். அப்பா உன் கிடார்ப் பையையும் கம்பிகளையும் கண்மாயில் கொண்டுபோய்ப் போட்டார். பெயிண்ட் டப்பாவை எங்கோ வீசினார். கனமாக இருந்ததால் பலகை மட்டும் மிஞ்சியது. செருப்பு என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அது உன்னுடையது என்று தெரிந்தும் அம்மா அங்கே கூட்டும்போது அதை நகர்த்தாமல் சுற்றிக் கூட்டுகிறார்.

ஆசாரி பத்து மணி வாக்கில் மொபெட்டில் வந்தார். அப்பா அவரைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். நான் மாட்டுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன்.

"நல்லா வெளஞ்ச மரம்ங்க" என்று பலகையைத் தட்டிப் பார்த்தார் ஆசாரி. "இதென்ன அட்டை?"

"அது ஒண்ணுமில்ல. பிடுங்கிப் போடுங்க."

அவர் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அட்டையை எடுத்தார். எடுத்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. கறுத்த பலகையின் நடுவில் முழுக் கிடார், மஞ்சளாக. கொம்பு இரண்டும், இடுப்பு வளைவும், நீ வெட்டும்போது கத்தி வழுக்கிய அந்த ஒரு கோணல்கூட. நீ போடவிருந்த கறுப்பு சுற்றிலும் தானாக வந்திருந்தது. நான் கேட்ட மஞ்சள் உள்ளே இருந்தது. நீ இருந்திருந்தால் இரண்டு நாளைக்கு வாயடிக்க இது போதும்.

"ஆளு படுத்தெந்திரிச்ச தடம் மாதிரியில்ல இருக்கு" என்றார் ஆசாரி மெதுவாக.

அப்பா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு அங்கிருந்தபடியே கேட்டார்.

"எழச்சா போயிரும்ல?"

"ரெண்டு இழுப்பு இழுத்தாப் போயிரும்ங்க."

அப்பா சரி என்று தலையாட்டினார். ஆசாரி பலகையின் ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு, அடுத்த தலைப்பைப் பிடிக்க ஆள் தேடி என்னைப் பார்த்தார். "பாப்பா, இங்கிட்டு வந்து ஒரு கை குடும்மா."

நான் வீட்டுக்குள் போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து உன் செருப்பை எடுத்துக் காலில் போட்டுக்கொண்டேன். திரும்பிக் கொட்டகைக்கு வந்து, பலகையில் அந்த மஞ்சளின் மேல் உட்கார்ந்தேன்.